வித்தையும் மருந்தும்

மாயாஜாலப் படங்களைப் பற்றி நம் வட்டத்தில் ஒரு தீர்ப்பு எப்போதோ எழுதப்பட்டுவிட்டது. அவை பாமரனைத் தூங்க வைப்பவை. யதார்த்தத்திலிருந்து தப்பிக்க வழி செய்து கொடுப்பவை. நானும் இப்படி எழுதியிருக்கிறேன். இப்போது எனக்கு அதில் சந்தேகம் வந்திருக்கிறது.

தீர்ப்பின் சாரம் இது: மாயப் படத்தில் பலன் உண்டு, உழைப்பு இல்லை. 1957-ல் வந்த 'மாயா பஜார்' படத்தில் கடோத்கஜனாக வரும் எஸ்.வி. ரங்காராவ் கல்யாண விருந்தை ஒற்றை ஆளாகத் தீர்க்கிறார். லட்டுகள் தாமாகவே எழும்பி வாய்க்குள் போகின்றன. எடுத்து உண்ணக்கூடக் கை வேண்டியதில்லை. கையால் பிழைப்பவனுக்கு இதைவிட இனிக்கும் கனவு என்ன இருக்க முடியும்?

ஆனால் 1951-ன் 'பாதாள பைரவி' இந்தச் சூத்திரத்துக்குள் சுலபமாக அடங்குவதில்லை. கேட்டதைக் கொடுக்கும் சிலை அதில் வருகிறது. சிலை சும்மா கிடைக்காது. ஒரு வீரனைப் பலி கொடுத்தாக வேண்டும். மந்திரவாதி தோட்டக்காரன் மகனைக் குறி வைக்கிறான், பலியாவதோ மந்திரவாதி. கதாநாயகனின் மாளிகையும் செல்வமும் அந்த ரத்தத்தின் மேல் எழும்புகின்றன. படம் இதை மறைக்கவில்லை. மாளிகையைக் கண்டதும் பலிபீடத்தை மறந்துவிடுவது நாம்.

விருதுநகரில் குடியிருந்து சிவகாசிக்கு பஸ்ஸில் போய் வங்கி வேலை பார்க்கும் எனக்கு இந்தப் பலி விஷயம் ஸ்தூலமானது. பேரியம் உப்பு பச்சையாக எரியும், ஸ்ட்ரான்ஷியம் சிவப்பாக, அலுமினியத் தூள் வெள்ளைப் பொறியாகத் தெறிக்கும். பட்டாசு ஆலைகளில் இந்தக் கலவைக்கு மருந்து என்று பெயர். உராய்வு கொஞ்சம் மிஞ்சினால் அது ஆளைக் கேட்கும். 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் ஒரு ஆலை வெடித்தபோது, உதவவும் பார்க்கவும் ஓடிப்போன அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் செத்தவர்களில் இருந்தார்கள். வாணவேடிக்கை, வேடிக்கை பார்ப்பது: இரண்டிலும் ஒரே சொல் இருப்பதை அதற்குப் பிறகு என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

எங்கள் வளவில் ஒரு அக்கா இருக்கிறார். காலையில் ஆலை பஸ் ஏறிப் போய் மாலையில் திரும்புவார். விரல்களில் படிந்த அலுமினியம் சோப்புக்கு அசையாது. இப்படிப்பட்ட விரல்களை என் கவுண்டரிலும் பார்க்கிறேன். ரேகை எடுக்கும் கருவி அவற்றைச் சட்டென்று ஏற்பதில்லை. துடைத்துத் துடைத்து வைக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் 'மாயா பஜார்' வந்தது. வளவுப் பிள்ளைகள் எல்லாம் எங்கள் வீட்டில். நான் குறிப்பு நோட்டும் கையுமாக, மயக்கத்தைக் கண்டுபிடிக்கத் தயாராக உட்கார்ந்திருந்தேன். லட்டு எழும்பியதும் பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். அக்கா கேட்டார்:

"இத எத்தன தடவ வச்சு வச்சு எடுத்திருப்பாக தம்பி? நூல் கட்டியிருந்தா நூல் தெரியணும்ல?"

கொஞ்ச நேரம் கழித்து, "அந்த மனுசன் வாயத் தெறந்துக்கிட்டு எம்புட்டு நேரம் உக்காந்திருந்தாரோ, பாவம்" என்றார்.

நோட்டை மூடிவிட்டேன். அந்த அறையில் உழைப்பைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். தந்திரம் இருக்கிறது என்று தெரிந்ததால் அவருடைய பிரமிப்பு குறையவில்லை; கூடியது.

ஆக, பிரமிப்பில் இரண்டு ஜாதி உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்று, செய்தவனை மறந்தால்தான் நிலைக்கும். மற்றது, செய்தவனை நினைக்க நினைக்க வளரும். 1902-ல் சந்திரனுக்குப் பயணம் போகும் படத்தை எடுத்த ஜார்ஜ் மெலியெஸ் ஒரு மேடை வித்தைக்காரர். அவருடைய படங்களுக்கு வண்ணம் ஏற்றியது பாரிஸில் எலிஸபெத் துய்லியே என்ற பெண்மணியின் பட்டறை. அங்கே இருநூறுக்கும் மேற்பட்ட பெண்கள், ஒருத்திக்கு ஒரு வண்ணம் என்று, பிலிமைக் கட்டம் கட்டமாகக் கையால் தீட்டினார்கள். மெலியெஸின் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. அந்தப் பெண்களின் பெயர்கள் இல்லை. வித்தைக்காரன் நூலை மறைக்கலாம், அது அவன் தர்மம். நூல் பிடித்த கையையும் சேர்த்து மறைக்கும்போது அது வித்தை என்ற எல்லையைத் தாண்டிவிடுகிறது. கையை யாரும் கேட்காதவரை அந்த மறைப்புக்கு நாமும் உடந்தை.

இதைச் சொல்லிவிட்டதால் நான் தப்பித்துவிடவில்லை. தீபாவளிக்கு என் மகளுக்குப் புஸ்வாணம் வாங்குகிறேன். வாங்காவிட்டால் அக்காவுக்குக் கூலி இல்லை. வாங்கினால் அவர் விரலில் அலுமினியம். கணக்குப் பார்ப்பதே தொழிலான எனக்கு இந்தக் கணக்கு நேராகவில்லை. கேட்டுக்கொண்டிருப்பதைத் தவிர வேறு நாணயமான வழி எனக்குத் தெரியவில்லை.

போன தீபாவளி இரவு அக்கா எங்கள் மொட்டை மாடிக்கு வந்தார். அவர் வெடி போடுவதில்லை. தூரத்தில் ஒரு பச்சை விரிந்தது. பட்டாசில் பேரியம் சேர்ப்பதை 2018-லேயே உச்ச நீதிமன்றம் தடை செய்துவிட்டது. "பேரியம் போட்டிருக்கான்" என்றார், தனக்குள் பேசுவதுபோல. சொல்லிவிட்டும், அது முழுக்க அணையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.