காத்திருக்கும் வகுப்பு

மாணவனுக்கு விடுதலை வேண்டும் என்கிறோம். அவ்விடுதலை எதற்காக என்று கேட்கின்றோமா?

ஏ. எஸ். நீல் 1921-இல் நிறுவிய சம்மர்ஹில் பள்ளியில், வகுப்புக்கு வருவதும் வராதிருப்பதும் குழந்தையின் விருப்பம். அச்சமின்றி வளரும் உரிமையை அப்பள்ளி போற்றியது.

இத்தாலிய அருள்தந்தை லொரென்சோ மிலானி வேறு வழி கண்டார். 1954-இல் பார்பியானா என்னும் மலைச் சிற்றூருக்கு அனுப்பப்பட்ட அவர், தேர்வில் தோற்றவர் எனப் பிற பள்ளிகள் தள்ளிவிட்ட உழவர் பிள்ளைகளைச் சேர்த்துக் கற்பித்தார். அங்கே விடுமுறை இல்லை. மூத்தோர் இளையோருக்குக் கற்பித்தனர். பின்தங்கியவன் புரிந்துகொள்ளும்வரை பாடம் நகரவில்லை. அவர் மறைந்த 1967-இல் வெளிவந்த 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' என்னும் நூலை மாணவர் எண்மர் கூடி எழுதினர். ஏழைப் பிள்ளைகளே மிகுதியாகத் தோல்வியுறுவதைப் புள்ளிவிவரங்களோடு காட்டினர்.

முந்திச் செல்ல வல்லவனைக் காத்திருக்கச் செய்வது அவன் உரிமையைப் பறிப்பதன்றோ? இவ்வினாவை எளிதில் தள்ளிவிட இயலாது. காத்திருத்தல் உண்மையான இழப்பே. ஆயினும், காணாமற்போன ஓர் ஆட்டைத் தேடிச் சென்ற ஆயன் தொண்ணூற்றொன்பது ஆடுகளைப் பாலைநிலத்திலன்றோ விட்டுச் சென்றான்! அன்பு எப்போதும் எவரேனும் ஒருவரிடம் விலை கேட்கிறது. அவ்விலையை மனமுவந்து தரக் கற்றவனே விடுதலை பெற்றவன். தனித்து ஓடுபவன் தன் வேகத்துக்கே அடிமை.

நூறு விழுக்காட்டுத் தேர்ச்சிக்காக நலிந்த மாணவனை வெளியேற்றும் பள்ளி, தன் வாயிலில் எந்தப் புனிதரின் பெயரைப் பொறித்திருந்தாலென்ன? அந்த ஓர் ஆடு வெளியே நிற்கிறதே!