பூட்டிய வீடும் நமது அமானத்தும்



சஃபர் என்பது வியாபாரிகளாகிய நமக்குப் பழகிய விஷயம். நம் முன்னோர் கப்பலேறி வந்து இக்கரையில் கடை திறந்தார்கள். நாமோ விமானமேறி, பிள்ளைகளின் கல்யாணத்திற்கென்றும், தாய் தந்தையரைக் காண்பதற்கென்றும், ஹஜ்ஜு உம்ராவுக்கென்றும் போய் வருகின்றோம். கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. வீட்டுக்குப் பூட்டு ஒன்றுதான் காவல். ஒரு மாதம் என்று புறப்பட்டது மூன்று மாதமாக நீள்வதும் உண்டு. அவ்விதம் ஆளின்றிக் கிடக்கும் வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் செய்வது தவக்குலுக்கு ஒத்ததா? செய்தால் அதில் நமது கடமை எதுவரை? இவ்விரண்டையும் இங்கே சற்று ஆராய விரும்புகின்றோம்.

"காப்பவன் அல்லாஹ், பாலிஸி எதற்கு?" என்று கேட்போர் நம்மில் உளர். அவர்களுடைய ஈமானை நாம் மதிக்கின்றோம். ஆயினும் ஒட்டகத்தை அவிழ்த்து விட்டுவிட்டு இறைவன் மீது பொறுப்புச் சாட்டலாமா என்று வினவிய மனிதரை, முதலில் அதைக் கட்டிவிட்டுப் பிறகு தவக்குல் வைக்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்த செய்தியை நாம் அறிவோமன்றோ? வரவிருந்த ஏழாண்டுப் பஞ்சத்துக்காக ஏழாண்டு விளைச்சலைக் கதிரிலேயே விட்டுச் சேமிக்கச் சொன்ன யூஸுப் (அலை) அவர்களின் வரலாறும் திருமறையில் உள்ளதே! வீட்டைப் பூட்டுவதும் ஒரு முன்யோசனைதான். பூட்டு தவக்குலுக்கு விரோதம் என்று எவரும் சொல்வதில்லை. ஆகவே முன்யோசனை ஈமானுக்குப் பகையன்று.

அந்த முன்யோசனை எந்த முறையில் அமைய வேண்டும் என்பது வேறு கேள்வி. கப்பல் சரக்குக்கு முன்பணம் கட்டி நஷ்டஈடு பெறும் வழக்கத்தைப் பற்றி, 1836-இல் மறைந்த டமாஸ்கஸ் நகரத்து ஹனபி மேதை இப்னு ஆபிதீன் அவர்களே ஆராய்ந்து, அந்த நஷ்டஈட்டை வியாபாரி வாங்குவது, சில நிலைமைகள் நீங்கலாக, ஆகாது என எழுதினார்கள். மலேசியாவில் 1972-இல் தேசிய பத்வாக் குழு, ஆயுள் இன்ஷூரன்ஸில் வட்டியும் சூதும் தெளிவின்மையும் கலந்திருப்பதாகக் கண்டு அதனை மறுத்தது. 1985-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச பிக்ஹ் கழகம், வியாபார ரீதியிலான இன்ஷூரன்ஸை விலக்கி, ஒருவருக்கொருவர் உதவும் கூட்டு முறையை ஏற்றது. மலேசியாவில் 1984-இல் தகாபுல் சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே முதல் தகாபுல் கம்பெனியும் பதிவாயிற்று. ஆகவே வழி இருக்கிறது. எது தகும் என்பதை அவரவர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவதே முறை.

இனித்தான் நம் மனத்தை உறுத்த வேண்டிய இடம் வருகிறது. குடியிருக்கும் வீடும் குடியில்லா வீடும் ஒன்றல்ல. எலி கடித்த மின்கம்பி கருகும்போது, குடியிருப்பவர் மூக்கு முதலில் அறியும். கூரைக் கால்வாயை இலை அடைத்து மழைநீர் உள்ளே வழிந்தால், அன்றே வாளி வைக்க ஆளுண்டு. ஆளில்லா வீட்டிலோ சிறு கசிவு சுவரைத் தின்னும். கறையான் உத்தரத்தைத் தின்னும். திருடனுக்கு அவகாசம் கிடைக்கும். இக்காரணத்தால்தான் தீ பாலிஸிகளில், கட்டடம் 30 நாட்களுக்கு மேல் ஆளின்றிக் கிடந்தால், கம்பெனி சம்மதித்துப் பாலிஸியில் குறிப்பு ஏற்றியிருந்தாலன்றிப் பாதுகாப்பு நின்றுவிடும் என்ற நிபந்தனை வழக்கமாக இருக்கிறது. வீட்டுக்குரிய விரிந்த பாலிஸிகளில், திருட்டுக்கும் குழாய் வெடிப்புக்கும் 90 நாள் என்ற வரம்பையும் காணலாம். அவரவர் தம் பாலிஸியை எடுத்து எத்தனை நாள் என்று பார்த்துக்கொள்வது அவசியம். சாதாரணத் தீ பாலிஸியில் வெள்ளம் தானாகச் சேராது என்பதையும் அப்போதே கவனிக்கலாம். 2021 டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் தண்ணீர் ஏறியதைக் கண்ட நமக்கு, ஆளில்லா வீட்டில் சாமான்களை மேலே தூக்கி வைக்க யாரிருப்பார் என்று விளக்க வேண்டியதில்லை.

இந்த நிபந்தனையை அறிந்தும் சிலர் சொல்லாமல் போவதேன்? சொன்னால் பிரீமியம் கூடலாம். புது நிபந்தனை வரலாம். சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? ஐம்பதாம் நாள் தீப்பிடித்தால், "போன வாரம்தான் போனார்கள்" என்று அண்டை வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா? இந்த எண்ணத்தை நன்றாகத் திருப்பிப் பாருங்கள். நமது பணத்தை மீட்க இன்னொருவரைப் பொய்ச்சாட்சி சொல்ல அழைக்கின்றோம். வீடு எரிந்தது ஒரு நஷ்டம்; அந்த மனிதரின் ஆகிரத்தையும் சேர்த்து எரிப்பது எத்தகைய வியாபாரம்?

"கம்பெனி கேட்கவில்லையே" என்பதும் ஒரு வாதம். மலேசியாவில் 2013-ஆம் ஆண்டின் நிதிச் சேவைச் சட்டங்கள், தம் சொந்தத் தேவைக்கு இன்ஷூரன்ஸ் எடுப்பவரின் பொறுப்பைத் தளர்த்தியுள்ளன. கேட்ட கேள்விக்குக் கவனத்துடன் உண்மையைச் சொன்னால் போதும் என்பது அதன் போக்கு. வியாபாரத்துக்காக எடுப்பவரோ, கேளாவிட்டாலும் தமக்குத் தெரிந்த முக்கிய விஷயத்தைத் தாமே சொல்லக் கடமைப்பட்டவர். சட்டம் மனிதரை இரு வகையாக்கலாம். நமது தீனுக்கு அந்தப் பிரிவினை உண்டா?

கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்ட பெருமானார் (ஸல்) அவர்களின் விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று வினவி, மோசடி செய்வோர் தம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள். அந்த வியாபாரியிடம் ஈரத்தைப் பற்றி எவரும் கேட்டிருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். துணி விற்கும்போது கறையைக் காட்டிக் கொடுப்பவர், அரிசி விற்கும்போது பழையது புதியதைச் சொல்லி விற்பவர், தமது வீட்டின் விஷயத்தில் மட்டும் ஈரத்தை அடியில் வைக்கலாமோ?

அதிலும் தகாபுல் நிதி என்பது கம்பெனி முதலாளியின் பெட்டியன்று. பங்கு கொண்டோர் ஒருவருக்கொருவர் உதவ நன்கொடையாக ஈந்த பணம் அதில் இருக்கிறது. சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கட்டிய சிப்பந்தியின் வெள்ளியும் அதில் உண்டு. பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனித்து வாழும் விதவையின் வெள்ளியும் உண்டு. நாம் மறைத்த ஆபத்தின் விலையைச் செலுத்துபவர்கள் அவர்களே. அவர்கள் நம்மிடம் ஒப்படைத்தது அமானத்து.

இன்னொரு ஹக்கும் உண்டு. பாலிஸி கையிலிருந்தால் நமக்குத் துணிவு வந்துவிடுகிறது. ஆனால் கடைவீடுகளுக்கு நடுச்சுவர் ஒன்றுதான், ஐந்தடியும் ஒன்றுதான். பினாங்கு ஜார்ஜ் டவுனில் 1999 இறுதியில் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியபின், குடியிருந்தோர் பலர் வெளியேறி, கடைவீடுகள் பல ஆளின்றி நின்றதை நம்மவர் கண்டிருக்கின்றனர். அப்படிப்பட்ட வீட்டில் பற்றும் தீ, பக்கத்து வீட்டைக் கேட்டுக்கொண்டு நுழைவதில்லை. நமது நஷ்டத்துக்குப் பணம் வரலாம். அண்டை வீட்டாரின் உயிருக்கு எந்தக் கம்பெனி ஈடு தரும்?

ஆகவே பயணம் புறப்படுமுன் நாம் செய்ய வேண்டியவை கடினமானவையல்ல. எத்தனை நாள் வீடு பூட்டியிருக்கும் என்பதைக் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, பதிலையும் எழுத்தில் பெற வேண்டும். பிரயாணம் நீண்டால் மறுபடி தெரிவிக்க வேண்டும். மின்சாரம், கேஸ், தண்ணீர் மூன்றையும் அடைக்க வேண்டும். சாவியை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து, வாரம் ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்ல வேண்டும். அவரது சிரமத்துக்குக் கூலியும் கொடுக்க வேண்டும். பல மாதம் காலியாகக் கிடக்கும் வீடானால், தங்க இடமின்றித் தவிக்கும் ஒரு குடும்பத்தையோ மாணவரையோ குறைந்த வாடகையில் வைப்பது இன்னும் மேலானது. குடிவைத்ததையும் கம்பெனிக்குச் சொல்லிவிட வேண்டும்.

இத்தனையும் செய்துவிட்டுத்தான், பிஸ்மில்லாஹ் சொல்லிப் பூட்டைப் போட்டு, வீட்டை அல்லாஹ்விடம் ஒப்படைத்துப் புறப்பட வேண்டும். திரும்பி வரும்போது வீடு நிற்கலாம், நில்லாமலும் போகலாம். அது அவன் நாட்டம். ஆனால் உண்மையைச் சொல்லிவிட்டுப் போனவருக்கு, நஷ்டஈடு கேட்டுப் போகும் நாளில் தலை குனியும் அவசியம் இராது.

வல்ல நாயன் நமது இல்லங்களையும் அண்டை அயலாரின் இல்லங்களையும் பாதுகாத்து, கொடுக்கல் வாங்கலில் வாய்மை தவறாதிருக்க நம் அனைவருக்கும் தவ்பீக் செய்வானாக. ஆமீன்.