தவலைக்கு அடியில் ஜி.பி.எஸ்.

சொந்தமாக விமானம் கட்டிப் பறக்கிறவர்கள் நம் நாட்டில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். மும்பையில் மொட்டைமாடியிலேயே விமானம் கட்டிய கேப்டன் அமோல் யாதவுக்கு 2017இல் அதற்கான பதிவு கிடைத்தது. நம் பக்கத்துக் கதை இன்னும் பழையது. மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ், சிம்ப்சன் பட்டறையில் ஒரு விமானத்தைச் செய்யவைத்து 1910இல் பல்லாவரத்தில் பறந்து பார்த்தார். காற்றையும் கண்ணையும் நம்பிய காலம். இன்றைக்குக் கட்டுகிறவர் நம்புவது ஒரு மெல்லிய கம்பியை. ஜி.பி.எஸ். பெட்டியிலிருந்து கிளம்பும் அந்தக் கம்பி சொல்வதை வைத்துத்தான் நகரும் வரைபடம், ஆட்டோபைலட், எரிபொருள் கணக்கு, கீழே விழுந்தால் கூவும் அவசர ஒலிபரப்பி எல்லாம் இருப்பிடத்தையும் வேகத்தையும் அறிகின்றன.

நண்பர் ஒருவர் கட்டிவரும் சிறு விமானத்தின் கருவிப் பலகை, சோதனைக்காக உத்திரமேரூரில் எங்கள் மொட்டைமாடிக்கு வந்தது. கம்பியில் வருவது மர்மம் ஒன்றுமில்லை. விநாடிக்கு ஒருமுறை ஒரு வரி எழுத்து. நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, வேகம், திசை, தேதி. என்.எம்.இ.ஏ. 0183 என்ற இந்த முறை படகுகளுக்காகப் பிறந்தது. அதனால்தான் வேகம் இன்னும் நாட் கணக்கில் வருகிறது. எங்கள் ஊரின் அட்சரேகை 1237 என்று தொடங்கும். 12 பாகை, 37 கலை என்று பொருள். 12.37 பாகை என்றும், தீர்க்கரேகையையும் அதேபோல் 79.45 என்றும் படிக்கிற கருவி, உத்திரமேரூரைத் தூக்கி வந்தவாசிக்கும் அப்பால் வைத்துவிடும். உயரத்திலும் ஒரு கண்ணி உண்டு. பூமியைச் சீரான முட்டை வடிவமாக வைத்துப் போடும் கணக்குக்கும் உண்மையான கடல்மட்டத்துக்கும் நம் பகுதியில் கிட்டத்தட்ட 90 மீட்டர் வித்தியாசம். அதைக் கூட்டாவிட்டால் ஊரே கடலுக்கு அடியில் கிடப்பதாகத் தெரியும்.

ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு நட்சத்திரக் குறி, அதன்பின் இரண்டு எழுத்து. வழியில் எங்காவது எழுத்து கெட்டால் இந்தச் சரிபார்ப்பு இடறும். கருவி அந்த வரியைத் தள்ளிவிடும். இதைப் பார்த்ததும் எனக்கு எங்கள் ஊர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவர்தான் ஞாபகம் வந்தது. ஊர்ச் சபைக்கு ஆட்களைக் குடவோலையில் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்லும், பராந்தக சோழன் காலத்து, கி.பி. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போடுவார்கள். குடத்திலிருந்து ஒன்றும் அறியாத சிறுவன் எடுத்துத் தரும் ஓலையை, ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். வாங்கியவர் படித்தபின் அங்கிருக்கும் கோயில் நம்பிமார் எல்லோரும் அதையே படிக்க வேண்டும். குடத்தில் இருந்த பெயர்தான் சபைக்கு வந்தது என்பதற்கு இதைவிடக் காவல் கிடையாது. ஆனால் அது யோக்கியன் பெயரா என்று விரித்த விரல் சொல்லாது. அதனால்தான் கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் குடவோலையில் இடம்பெறக் கூடாது என்று தனியாக விதித்தார்கள். சேதம் இல்லாமல் வருவது வேறு, உண்மையாக இருப்பது வேறு. வாட்ஸ்அப்பில் வரும் பொய்யில் ஓர் எழுத்துகூடக் கெடுவதில்லை.

ஜி.பி.எஸ். அனுப்பும் வரியில் நான் அதிகம் மதிப்பது ஓர் ஒற்றை எழுத்தை. ‘ஏ’ என்றால் இருப்பிடம் தெரிகிறது; ‘வி’ என்றால் தெரியவில்லை, மற்ற எண்களை நம்பாதே. ஆன்டெனாமேல் பித்தளைத் தவலையைக் கவிழ்த்தேன். சில விநாடிகளில் ‘ஏ’ போய் ‘வி’ வந்தது. ஒரு கருவி உடனே எண்களை அழித்துவிட்டு வெறும் கோடுகளைக் காட்டியது. வரைபடக் கருவியோ கடைசியாகத் தெரிந்த இடத்தையே பளிச்சென்று காட்டிக்கொண்டிருந்தது. நூறு நாட் வேகத்தில் பறந்தால் ஒரு நிமிடத்தில் மூன்று கிலோமீட்டர் தள்ளிப் போயிருப்போம்.

நாமும் பெரும்பாலும் இந்த வரைபடக் கருவிதான். “பையன் எப்படி இருக்கான்?” என்று கேட்டால் “நல்லா இருக்கான்” என்கிறோம். அது பொங்கலுக்கு வந்தபோது பார்த்த முகம். இருபது வருடத்துக்கு முன் கடன் வாங்கி ஏமாற்றிய பங்காளி இன்றும் நமக்கு ஏமாற்றுக்காரன்தான்; இடையில் அவன் என்ன ஆனான் என்று யார் பார்த்தது? “பேசி நாளாச்சு, தெரியல” என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. பாசம் குறைந்துவிட்டதாக நினைப்பார்களோ என்று பழைய எண்ணையே பளிச்சென்று காட்டுகிறோம்.

அதற்காக எடுத்ததற்கெல்லாம் கோடு போடுகிற கருவியும் உதவாது. மேகத்துக்குள் தத்தளிக்கிறவனுக்குக் கடைசியாக இருந்த இடமும் ஒரு துணைதான். நல்ல கருவி பழைய இடத்தை மங்கலாகக் காட்டி, அது எத்தனை விநாடி பழையது என்றும் பக்கத்தில் போடும். பெற்றவர்களும் அப்படிப் பேசலாம் என்று எனக்குப் படுகிறது: “பொங்கலுக்கு வந்தப்போ நல்லா இருந்தான், அப்புறம் சரியாப் பேசல.”

வரைபடக் கருவியின் அமைப்புகளைத் துழாவியதில் காலாவதி நேரம் என்று ஒன்று கிடைத்தது. அதில் பூஜ்யம் இருந்தது. எத்தனை நேரமானாலும் பழசாகாது என்று அர்த்தம். நண்பர் அதை மூன்று விநாடியாக மாற்றினார். திசையை இங்கே உட்கார்ந்து சோதிக்க முடியாது. நின்ற இடத்தில் ஜி.பி.எஸ். காட்டும் திசை வெறும் தள்ளாட்டம். பலகையைக் காரில் கட்டிச் செங்கல்பட்டு சாலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.