வெண்பா பாடிய வேந்தன்

'பொன்னியின் செல்வ'னைப் படித்தவர்களுக்குத் திருப்புறம்பயம் நினைவிருக்கும். சதிகாரர்கள் கூடுகிற பள்ளிப்படை அங்கேதான் இருக்கிறது. கி.பி. 880-ஐ ஒட்டி நடந்த அந்தப் போரில், கால் வழங்காத விஜயாலய சோழரை வீரர்கள் தோளில் சுமந்து வர, அவர் வாள் சுழற்றுவதைக் கல்கி வர்ணிக்கும்போது மெய் சிலிர்க்கிறது. ஆனால் அது யாருடைய போர்? பாண்டியன் வரகுணனை எதிர்த்து நின்றவன் பல்லவன் அபராஜிதன். சோழர் அவனுக்குத் துணையாக வந்தவர்கள். துணைக்கு வந்த கங்க மன்னன் பிருதிவீபதியோ உயிரையே கொடுத்தான்.

திருத்தணிக்குப் போகிறவர்கள் படியேறி முருகனைக் கும்பிட்டு இறங்கிவிடுகிறார்கள். மலைக்குக் கீழே வீரட்டானேசுவரர் கோயிலை எட்டிப் பார்ப்பவர் குறைவு. அபராஜிதன் காலத்தில் நம்பி அப்பி என்பவர் எடுப்பித்த சின்னக் கற்றளி அது. அவரைப் பாராட்டி மன்னனே வெண்பா பாடினான் என்கிறது அங்குள்ள கல்வெட்டு. போர்க் கவலைகளுக்கு நடுவே, தளை தட்டாமல் வெண்பா இயற்ற உட்கார்ந்த அரசன்! எனக்கு அவனைப் பிடித்துப்போக அதுவே போதும்.

பிறகு, விஜயாலயரின் மகன் ஆதித்தன் அவனையே வென்று தொண்டை நாட்டைப் பிடித்தான். திருத்தணிக்குப் பக்கத்துத் திருவாலங்காட்டில் கிடைத்த ராஜேந்திர சோழரின் செப்பேடு இதைப் பெருமையாகவே சொல்கிறது. யானைமேலிருந்த பல்லவனைப் பாய்ந்து கொன்றதாகக் கன்னியாகுமரிக் கல்வெட்டு சொல்கிறது. செய்ந்நன்றி பற்றி மூச்சு இல்லை.

நன்றி பார்த்தால் நாடாள முடியுமா என்பார்கள். முடியாதுதான் போலிருக்கிறது. ஆளுகிறவனுக்குரிய அந்தச் சலுகையைக் கதை படிக்கிற நாமும் ஏன் கொடுக்க வேண்டும்? கதை எழுதுகிறவனைக் கேட்கவே வேண்டாம். கண்ணீர் எந்தப் பக்கம் விழ வேண்டுமென்று தீர்மானிப்பவன் அவன். ஆதித்தன் தயங்கியிருந்தால் தஞ்சைப் பெரிய கோயில் ஏது என்று மடக்குகிறார் நண்பர் ஒருவர். திருத்தணியில் அந்தச் சின்னக் கற்றளியை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும்.