முதலில் பார்த்தவர்

1054ஆம் ஆண்டு ஜூலையில் சீன வானியலாளர்கள் ரிஷப ராசிப் பக்கம் ஒரு புதிய ஒளியைக் கண்டார்கள். 23 நாட்கள் பட்டப்பகலிலேயே தெரிந்தது. ‘விருந்தாளி நட்சத்திரம்’ என்று குறித்துவைத்தார்கள். ஒரு நட்சத்திரம் வெடித்துச் செத்ததைத்தான் பார்த்தோம் என்பது அவர்களுக்குத் தெரியாது. அந்த வெடிப்பின் எச்சமே நண்டு நெபுலா. அதன் நடுவில், செத்த நட்சத்திரத்தின் கரு ஒரு நகரத்தின் அளவுக்குச் சுருங்கி, நொடிக்கு 30 தடவை சுழன்று துடிக்கிறது. இந்தப் பல்சாரை 1968இல் அமெரிக்காவின் கிரீன் பேங்க் ரேடியோ தொலைநோக்கி வழியாகக் கண்டுபிடித்தார்கள் என்கின்றன புத்தகங்கள்.

எனக்கு இடறுவது அந்தக் ‘கண்டுபிடித்தார்கள்’தான்.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, சிகாகோ பல்கலைக்கழகத் தொலைநோக்கியைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட ஒரு சமயம், ஒரு பெண் நண்டு நெபுலாவைப் பார்த்துவிட்டு, உள்ளே ஒரு நட்சத்திரம் விட்டுவிட்டு மின்னுகிறதே என்றார். எல்லா நட்சத்திரமும் கண்சிமிட்டும் என்றார் அங்கிருந்த வானியலாளர். ‘நான் விமானி, கண்சிமிட்டல் எனக்குத் தெரியும், இது வேற’ என்ற பொருள்பட அந்தப் பெண் வாதாடிப் பார்த்தார். எடுபடவில்லை. அவர் பெயர்கூட நமக்கு வந்துசேரவில்லை.

இன்னொருவர் சார்லஸ் ஷிஸ்லர். 1967இல் அலாஸ்காவில், சோவியத் ஏவுகணைகளுக்காகக் காத்திருந்த அமெரிக்க விமானப்படை ரேடாரில் வேலை. ஒரு மெல்லிய சமிக்ஞை தினமும் நான்கு நிமிடம் முந்தி வருவதைக் கவனித்தார். அப்படி முந்தி உதிப்பவை நட்சத்திரங்கள்தாம். ஃபேர்பேங்க்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியரிடம் போய் விசாரித்தார். திசை நண்டு நெபுலாவோடு பொருந்தியது. ஆனால் ரேடார் ராணுவ ரகசியம். 2007இல்தான் அவரால் வெளியே பேச முடிந்தது. இதற்கிடையில், அதே 1967இல் கேம்பிரிட்ஜில் வேறொரு பல்சாரைக் கவனித்த மாணவி ஜோஸ்லின் பெல்லின் கண்டுபிடிப்பு உலகறிந்ததாகிவிட்டது. அதற்கான 1974 நோபல் பரிசிலும் அவர் பெயர் இல்லை. அவருடைய ஆய்வு வழிகாட்டியின் பெயர் இருந்தது.

‘சும்மா பார்த்தா போதுமா, நிரூபிக்க வேணாமா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சீனர்களுக்குப் புரியவில்லை, ஆனால் எழுதினார்கள். ஆயிரம் ஆண்டு கழித்தும் அது உதவுகிறது. ஷிஸ்லருக்கு ஓரளவு புரிந்தது. நாற்பது ஆண்டுகள் யாருக்கும் உதவவில்லை. நாலு பேர் முன்னால் வைத்துச் சரிபார்க்கும்போதுதான் ஒன்று அறிவாகிறது என்பதை நானும் ஏற்கிறேன்.

ஆனால் அந்த நியாயம் அங்கேயே நின்றுவிட வேண்டும். சபைக்கு வரவில்லை என்பது வேறு, பார்க்கவே இல்லை என்பது வேறு. முதலாவதைக் காட்டி இரண்டாவதைச் சொல்லிவிடுவது நமக்கு ரொம்ப சுலபமாக இருக்கிறது. நிரூபிக்கும் பொறுப்பைச் சொல்பவர் தலையில் கட்டிவிட்டால், கேட்பவருக்குப் பொறுப்பே இல்லையா?

6,500 ஆண்டுகள் பயணம் செய்த ஒளி அந்த விமானியின் கண்ணுக்கு வந்துசேர்ந்துவிட்டது. பக்கத்தில் நின்றவரின் காதுக்குத்தான் போய்ச்சேரவில்லை. ‘எங்கே, இன்னொரு தடவை பார்ப்போம்’ என்று அவர் குனிந்திருந்தாலும் அவர் கண்ணுக்கு அந்தத் துடிப்பு தெரியாமல் போயிருக்கலாம். அவ்வளவு வேகத்தைப் பலரால் பிரித்தறிய முடியாது. ஆனாலும் குனிந்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.