வாய் பார்க்கும் திசை

ரமணாசிரமத்தின் பக்கம் குடிவந்தவர்களுக்கு மலையைப் பார்த்தபடியே நிற்கிற பழக்கம் சில நாட்களிலேயே தொற்றிக்கொள்ளும். எனக்கும் அப்படித்தான். மலைக்கு முதுகு காட்டிச் செங்கம் சாலையைத் தாண்டி நடந்தால் ஒரு ஏரி இருக்கிறது என்பது வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. அதன் பெயர் சமுத்திரம். கடல் சுமார் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற ஊரில் ஏரிக்கு இப்படி ஒரு பெயர் வைக்கத் துணிச்சல் வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஏமாற்றிவிட்டால் சமுத்திரத்தில் மாடு மேயும். ஐப்பசி, கார்த்திகை கைவிடாத ஆண்டில் கரையில் நின்று பார்த்தால் பெயர் பொய்யில்லை என்று தோன்றும்.

அப்படி நிரம்பிக் கிடந்த ஒரு தை மாதக் காலையில், கரையோரம் வலை உதறிக்கொண்டிருந்தவரிடம் பேச்சுக் கொடுத்தேன். கூடையில் கிடந்த மீன்கள் எனக்கு ஒரே சாயலில் தெரிந்தன. எதை வைத்துப் பிரிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"வாயப் பாருங்க சார். மேல பாத்திருந்தா கட்லா. தரையப் பாத்திருந்தா மிர்கால். நடுவுல இருந்தா ரோகு. அவ்ளோதான்."

அவ்வளவுதானா என்று வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். ஏறக்குறைய அவ்வளவுதான். மூன்றுமே வடநாட்டு ஆற்று மீன்கள். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹிராலால் சௌதுரியும் அலிகுஞ்ஞும் ஊசி மருந்து போட்டுக் கெண்டைகளைக் குஞ்சு பொரிக்க வைத்த பிறகுதான், ஆற்றில் மீன்குஞ்சு பொறுக்கித் திரிந்த காலம் முடிந்து, நாடு முழுக்கக் குளங்களில் இவற்றைச் சேர்த்து விடுவது பெருகியது. கட்லா நீரின் மேற்பரப்பில் மிதக்கிற நுண்ணுயிர்களைத் தின்னும். ரோகு நடு நீரில் பாசியை மேயும். மிர்கால் அடியில் மட்கியதைக் கிளறும். ஒரே தண்ணீரில் மூன்று மாடி. மாடிப்படி மட்டும் கிடையாது.

ஒரே மாடிக்கு இரண்டு பேர் வந்தால் என்ன ஆகும்? இமாச்சலத்தின் கோவிந்த் சாகர் நீர்த்தேக்கத்தில் அது நடந்தது. 1971-இல் சீனத்து வெள்ளிக்கெண்டை தவறுதலாக அங்கே நுழைந்தது. அதுவும் கட்லாவைப் போல மேல்நீரில் வடிகட்டித் தின்கிற மீன். ஆண்டுகள் போகப் போக வலையில் வெள்ளிக்கெண்டை நிறைந்தது, கட்லா அருகியது. ரஷ்யாவின் காவுஸே இதையே கண்ணாடிக் குழாயில் செய்து காட்டி 1934-இல் புத்தகமாக எழுதியிருந்தார். ஒரே உணவை ஒரே விதத்தில் தின்கிற இரண்டு நுண்ணுயிர்களை ஒன்றாக விட்டால் ஒன்று அழிந்தது. ஒன்று மேலே மிதக்கும் இரையையும் மற்றது அடியில் படிந்த இரையையும் தின்னும்படி அமைந்த ஜோடியில் இரண்டுமே பிழைத்தன.

ஏரியை விட்டு உண்மையான சமுத்திரத்துக்குப் போனால் இந்தக் கணக்கு இன்னும் நுணுக்கமாகிறது. பாக் நீரிணையில் காரல் மீன் உண்டு. சென்னையில் சின்னக் காரலைக் காரப்பொடி என்பார்கள். வெள்ளித் தகடு போல, உள்ளங்கையில் அடங்குவது, வழவழவென்று கையில் கோழை ஒட்டுவது, மலிவானது. காரல் என்று ஒரு பெயரைச் சொல்லி நாம் வாங்கினாலும் அதில் பல இனங்கள் கலந்திருக்கும். வாயை வைத்துப் பார்த்தால் மூன்று கூட்டம். எல்லாவற்றுக்கும் வாய் ஒரு குழாய் போல வெளியே நீளும். ஒரு கூட்டத்துக்கு அது கீழ்நோக்கி நீளும். தரையில் உள்ள புழுவையும் பூச்சியையும் உறிஞ்ச. இன்னொன்றுக்கு மேல்நோக்கி நீளும். தலைக்கு மேல் மிதப்பதைக் கவ்வ. மூன்றாவதுக்கு நேர் முன்னே நீளும், அதில் கூரிய பல்லும் உண்டு. ஓடுகிற இறாலையும் மீன்குஞ்சையும் பிடிக்க. ஒரே சட்டியில் குழம்பாகிறவை கடலில் மூன்று வேறு பந்தியில் சாப்பிட்டவை.

காரலைப் பற்றி இன்னொன்றும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அதன் உணவுக்குழாயைச் சுற்றி ஒளிவிடும் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. அந்த வெளிச்சம் வயிற்றுப் பக்கமாகக் கசிந்து, கீழேயிருந்து பார்க்கிற பெரிய மீனுக்குக் காரலின் நிழல் தெரியாதபடி செய்கிறது. தின்பதில் போட்டியைக் குறைத்துக்கொண்ட மீன், தன் தொண்டையையே வேறொரு உயிருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறது. வாடகை வெளிச்சமாக வருகிறது.

இதையெல்லாம் படிக்கிறபோது 'பகிர்ந்துண்ணல்' என்ற சொல் நாக்கில் வரும். நான் அதை அடக்கிக்கொள்கிறேன். மீனுக்குப் பெருந்தன்மை கிடையாது. மேல்வாய்க் காரல் தரைப்புழுவை மற்றவனுக்கு விட்டுக்கொடுக்கவில்லை. அதன் வாய் அங்கே நன்றாகப் போவதில்லை, அவ்வளவுதான். விரால் பக்கத்தில் நீந்துகிற கெண்டைக்குஞ்சை யோசிக்காமல் விழுங்கும். எல்லாம் இப்படி அளந்து வைத்தபடி நடப்பதும் இல்லை. ஆஸ்திரேலியப் பவளத்திட்டுகளில் ஆராய்ந்த பீட்டர் சேல், அங்கே சில மீன்களுக்கு இடம் கிடைப்பது வெறும் அதிர்ஷ்டம் என்றார். ஒரு பொந்து காலியாகும்போது அந்த நேரத்துக்கு எந்தக் குஞ்சு வந்து சேர்கிறதோ அதற்கே அது. பேருந்து ஜன்னலில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற நம் முறைதான்.

ஆனால் 1971-இல் வெளியான ஒரு ஆய்வு என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. சாரெட், ராண்ட் என்ற இருவர் பனாமாவின் ஓடை ஒன்றில் மீன்களின் வயிற்றில் என்ன இருக்கிறது என்று பருவம் தோறும் பார்த்தார்கள். மழைக்காலத்தில் இரை மிகுந்திருந்தபோது எல்லா மீனும் ஏறக்குறைய ஒன்றையே தின்றன. கோடையில் இரை சுருங்கியபோது ஒவ்வொரு இனமும் தனக்கென்று வாய்த்ததற்குத் திரும்பிவிட்டது. பஞ்சம் வந்தால் ஒன்றன்மேல் ஒன்று விழும் என்றுதானே நாம் எதிர்பார்ப்போம்? அங்கே பஞ்சம் அவற்றை விலக்கி வைத்தது. நாம் பஞ்சத்தில் கூடுகிற இடமோ ஒரே கடையின் ஒரே வரிசை.

ஏனென்றால் நம் வாய்க்குத் திசை கிடையாது. மேல்நீர், நடுநீர், அடித்தரை மூன்றும் நமக்கு வேண்டும். இழுவை மடி தரையை வழித்துக்கொண்டு போகிறபோது மேல்வாய், கீழ்வாய் என்று பார்ப்பதில்லை. தடை செய்யப்பட்ட இரட்டை மடி இரண்டு படகுக்கு நடுவே இன்னும் அகலமாக வாய் திறக்கிறது. விலை போகாத பொடிமீன் அரைபட்டுத் தீவனமாகிறது. காவுஸேயின் கண்ணாடிக் குழாயில் எல்லாருடைய இரையையும் தின்கிற மூன்றாவது உயிர் ஒன்றை விட்டிருந்தால் அதற்கு நம் பெயரைத்தான் வைத்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் நினைவு ஆசிரமத்துக்கு வந்துவிடுகிறது. 1922-இல் ரமணரின் தாயார் மறைந்த பின், அந்தத் தாயாரின் சமாதியை ஒட்டி ரமணரைச் சுற்றி வளர்ந்த இடம் அது. அங்கே முதலில் நாய்களுக்குச் சோறு வைக்கச் சொல்வார், அடுத்து வாசலில் நிற்கும் ஏழைகளுக்கு, கடைசியில்தான் பக்தர்களுக்கு என்று ஆர்தர் ஆஸ்போர்ன் ரமணரைப் பற்றிய தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். மலைக்குரங்குகளின் கூட்டங்களுக்கு எல்லை உண்டு, எல்லை மீறினால் சண்டை உண்டு, அந்தச் சண்டையில் ரமணரை மத்தியஸ்தராக அவை ஏற்றதும் உண்டு என்பதும் அதே புத்தகத்தில் இருக்கிறது. குரங்குகளின் எல்லையைப் பலகாலம் நான் வேடிக்கைக் கதையாகவே படித்தேன். காரலின் வாயைப் பற்றித் தெரிந்த பிறகு அப்படிப் படிக்க முடியவில்லை.

கட்லாவுக்கு எல்லை அதன் தாடையில் இருக்கிறது. குரங்குக்கு மரத்தில் இருக்கிறது. மனிதனுக்கு உடம்பில் எங்கும் அது இல்லை. எதையும், எங்கேயும், எப்போதும் தின்ன முடிகிற உயிர், தன் எல்லையைத் தானே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நாய் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று இலை முன் காத்திருப்பது அன்பாக இருக்கலாம். எனக்கு அது, இயற்கை நம் தாடையில் செதுக்காமல் விட்டதைச் செதுக்கிக்கொள்கிற வேலையாகத் தெரிகிறது. ஆசிரமத்துப் பசு லட்சுமி 1948 ஜூனில் இறந்தது. அதன் சமாதியும் பக்கத்திலேயே மான், காகம், நாய் ஆகியவற்றின் சமாதிகளும் ஆசிரமத்துக்குள் இருக்கின்றன. முன்பு நான் அங்கே உருகி நின்றிருக்கிறேன். இப்போது பந்தி வரிசையை நினைத்துக்கொள்கிறேன்.

நாடாக நாம் வைத்துக்கொண்ட எல்லை என்று பார்த்தால், கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. மிச்ச நாட்களுக்கு வாய் திறந்தே இருக்கிறது. இது போதாது என்பது என் எண்ணம்.

அந்த 61 நாளிலும் நாட்டுப்படகுகள் போகும், காரல் வரும். வாங்கினால், குழம்பில் போடுமுன் ஒன்றிரண்டை எடுத்து வாயைப் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் நீள்கிறது என்று. கருவாட்டில் பார்க்க முடியாது. பச்சை மீனாக இருக்க வேண்டும்.