கோவில் இல்லாத தீவில் கிறிஸ்துமஸ்



ஆகமன காலம் பிறந்துவிட்டது. குடிலுக்கு வைக்கோல் தேடுகிற நாட்கள் இவை. வயல்களில் பிசான நெல் பச்சை பிடித்து நிற்கிறது. பீடிச் சுளகை ஒதுக்கி வைத்துவிட்டு முறுக்குக்கும் முந்திரிக்கொத்துக்கும் மாவு இடிக்கும் நாள் எது என்று தாய்மார் கணக்குப் பார்க்கிறார்கள். இதே நாட்களில்தான் வெளிநாட்டில் உத்தியோகம் பார்க்கும் பிள்ளைகளிடமிருந்து, "இந்த வருஷம் வர முடியாது" என்ற செய்தியும் வருகிறது. கேட்ட தாய், "நல்ல நாளும் அதுவுமா என் பிள்ளை கோவில் இல்லாத ஊருல கிடக்குதே" என்று பெருமூச்சு விடுகிறாள். அந்தப் பெருமூச்சில் ஒரு கேள்வி அடங்கியிருக்கிறது. பூசையும் உற்றாரும் இல்லாத இடத்தில் கழிகிற கிறிஸ்துமஸ், குறைந்த கிறிஸ்துமஸா? இதைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

உதாரணத்துக்கு மாலத்தீவை எடுத்துக்கொள்வோம். தூத்துக்குடியிலிருந்து காய்கறியும் கட்டிடச் சாமானும் அங்கே போகின்றன. அங்கிருந்து மாசிக் கருவாடு இங்கே வந்தது. ஏறக்குறைய 1,200 தீவுகள் கொண்ட அந்நாட்டில் ஜனங்கள் குடியிருப்பவை 200-க்கும் குறைவு. 1960-ஆம் ஆண்டுகளிலிருந்து அங்கே ஆங்கில வழிப் பள்ளிக்கூடங்கள் பெருகின. சொந்த நாட்டு ஆசிரியர்கள் போதாமையால், இந்தியாவிலிருந்து, விசேஷமாகக் கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும், ஆசிரியர்களை ஒப்பந்தத்தின் பேரில் அழைத்துக்கொள்கிறார்கள். ஆங்கிலம் கற்பிக்கப் போனவர்களில் நம் தென் ஜில்லாக்காரர்களும் உண்டு.

அந்நாட்டின் 2008-ஆம் வருஷத்து அரசியல் சாசனப்படி இஸ்லாமே அரசு மதம். வேற்று மதத்தார் தங்கள் அறைக்குள் செபிக்கலாம். பகிரங்கமாக வழிபடவோ தங்கள் வேதத்தைப் போதிக்கவோ கூடாது. கோவில் கிடையாது. வெள்ளியும் சனியும் வார விடுமுறை, ஞாயிறு வேலை நாள். கிறிஸ்துமஸ் அரசு விடுமுறைப் பட்டியலில் இல்லை. பள்ளிக்கூடம் நடக்கும் நாளாக டிசம்பர் 25 வந்துவிட்டால், நம் ஆசிரியை அன்றும் வகுப்பில் நின்று இங்கிலீஷ் இலக்கணம் எழுதிப் போடுவாள். அவள் பெற்ற பிள்ளையோ அந்த நேரம் இங்கே பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு குடில் பார்க்கப் போயிருக்கும்.

முதற் கேள்வி: அவள் கடன்திருநாளில் பூசை காணவில்லையே, அது பாவமா? அல்ல. இயலாத காரியத்துக்கு எவரும் கடமைப்பட்டவர் அல்ல என்பது நீதிசாஸ்திரத்தின் பழைய விதி. 1983-இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1248-ஆம் பிரிவும் இதைத் தெளிவாக்குகிறது. குருவானவர் இல்லாமையாலோ வேறு கனமான காரணத்தாலோ பூசை காண முடியாதவர்கள், தனியாகவோ குடும்பமாகவோ தகுந்த நேரம் செபத்தில் செலவிடும்படி அது அழுத்தமாய்ப் புத்தி சொல்கிறது. கடமை நீங்குகிறது, திருநாள் நீங்குவதில்லை. பூசைக்குப் போக முடியாதவள் செபிக்காமலும் இருந்துவிடலாம் என்று எண்ணக்கூடாது. கோவிலுக்குப் பக்கத்தில் குடியிருந்தும் பாட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுக்கையில் புரள்கிறவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை என்பதையும் கவனிக்கவும்.

தேதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1950-ஆம் ஆண்டுகள் முதல் எத்தியோப்பியாவில், ஹைலி செலாசி சக்கரவர்த்தியின் காலத்தில், இந்திய ஆசிரியர்கள் அநேகர் போய்க் கற்பித்தார்கள். அது பழமையான கிறிஸ்தவ நாடு. ஆனாலும் டிசம்பர் 25 அங்கே சாதாரண நாள். அவர்களுடைய பஞ்சாங்கத்தில் வருஷத்துக்கு 13 மாதங்கள். கென்னா என்று அழைக்கப்படும் கிறிஸ்து பிறப்புத் திருநாள் ஜனவரி 7-ஆம் தேதி வருகிறது. அதற்கு முன் 43 நாள் ஒருசந்தி. நம் ஆசிரியர் தம்முடைய திருநாளில் பாடம் நடத்தினார். இரண்டு வாரம் கழித்து ஊரே வெள்ளாடை உடுத்தித் திரள்வதைக் கண்டார். பாலன் ஒருவரே, நாட்கள் இரண்டு. நாளைக் குறிப்பது திருச்சபையின் ஒழுங்கு, அதை மதிக்க வேண்டும். ஆனால் நாள் தவறியதால் பாலன் பிறக்காமல் போய்விடவில்லை.

இரண்டாம் கேள்வி இன்னும் கடினமானது. விசுவாசத்தை வெளிக்காட்டாமல் அடங்கியிருப்பது மறுதலிப்பாகாதா? இங்கே மௌனம் வேறு, பொய் வேறு என்று பிரித்தறிய வேண்டும். வகுப்பில் ஒரு குழந்தை, "டீச்சர், இன்றைக்கு உங்கள் பண்டிகையா?" என்று கேட்டால், "ஆமாம்" என்பதே விடை. உத்தியோகத்துக்கு அஞ்சி, "எனக்கு அப்படி ஒன்றும் இல்லை" என்று சொன்னால் அது பொய், அதற்கும் மேலானது. ஆனால் "ஆமாம்" என்று சொன்னவள், கிடைத்தது சமயம் என்று அந்தக் குழந்தைகளுக்கு ஞானோபதேசம் நடத்தத் தொடங்குவதும் முறையல்ல. பகிரங்க வழிபாட்டைத் தடுக்கும் சட்டம் நல்ல சட்டம் என்று நாம் சொல்லவில்லை. மத சுதந்திரம் மனிதனின் உரிமை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் அறிக்கையிட்டது. ஆயினும் அவள் நிபந்தனைகளை அறிந்து கையெழுத்திட்டவள். பெற்றோர் தங்கள் பிள்ளைகளை இங்கிலீஷ் கற்க ஒப்படைத்திருக்கிறார்கள். மேலப்பாளையத்திலும் பொட்டல்புதூரிலும் உள்ள முஸ்லிம் சகோதரர்கள் தங்கள் பெண்பிள்ளைகளை நம் கன்னியர் பள்ளிகளில் நம்பி விடுவதில்லையா? அந்த நம்பிக்கையை நாம் எவ்வளவு மதிக்கிறோமோ, அவ்வளவு நம்மவரும் அங்கே மதிக்கக் கடன்பட்டிருக்கிறார்கள். அவள் வகுப்புக்கு நேரத்தோடு போவதும், மந்தமான பிள்ளைக்கு மறுபடியும் பொறுமையாய்ச் சொல்லிக்கொடுப்பதும் அன்றைய தினம் அவள் பாலனுக்குச் செலுத்தும் காணிக்கை. ஒரு நாள் தப்புவதற்காகக் காய்ச்சல் என்று பொய்க் கடிதம் எழுதி வாங்குகிற விடுப்பு காணிக்கையாகாது.

மூன்றாம் கேள்வி அங்கே இருப்பவளைப் பற்றியதல்ல. இங்கே இருக்கும் நம்மைப் பற்றியது. கைப்பிள்ளையை விட்டுப் பிரிந்து அவள் ஏன் போனாள்? கடன் அடைக்க, வீடு கட்ட, தங்கச்சி கலியாணத்தை நடத்த. தேவைக்காகப் பிரிவது குற்றமல்ல. புருஷனும் மனைவியும் பிரிந்திருப்பதானால் இருவர் சம்மதத்தோடும் கொஞ்ச காலத்துக்கும் இருக்கட்டும் என்று அர்ச். சின்னப்பர் கொரிந்தியருக்குச் சொன்ன புத்தி, செபத்துக்காகப் பிரிவதைக் குறித்தது. செபத்துக்கே இந்த அளவு உண்டென்றால் சம்பாத்தியத்துக்கு இல்லாமல் போகுமா? சம்மதம், காலவரை, இரண்டும் வேண்டும். இரண்டாவதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். கடன் தீர்ந்தது என்று அவள் திரும்ப நினைக்கும் வருஷத்தில், மாடி எழுப்பலாமே என்கிறோம். மாடி முடிந்ததும், அடுத்த வீட்டார் வாங்கியதைப் போல ஒரு கார். திருநாள் வந்தால், வெளிநாட்டுப் பணம் வருகிற வீடு என்று ஊர் சொல்ல வேண்டுமே என்பதற்காகத் தலைக்கு இரண்டு உடுப்பும் தெருவை அதிரவைக்கும் வெடியும். கேட்கிற ஒவ்வொரு தொகையும் அவளுடைய ஒப்பந்தத்தை இன்னும் சில மாதம் நீட்டுகிறது. அவளைத் தடுத்து வைத்திருப்பது கடல் என்று நினைக்கிறோம். பல வேளை நம் செலவுதான் தடுத்து வைத்திருக்கிறது.

2023-ஆம் வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டது. மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போன ஊர்கள் பல. ஒரு வாரத்தில் கிறிஸ்துமஸ் வந்தது. வெள்ளம் புகுந்த வீடுகளில் பலகாரம் ஏது, புத்தாடை ஏது? அந்நாட்களில் வெளிநாட்டிலிருந்த பிள்ளை கேட்க ஏங்கியது அம்மாவின் குரல் ஒன்றையே. அம்மா கேட்க ஏங்கியதும் அதுவே. திருநாளுக்கு உண்மையில் எது வேண்டும் என்பதை அந்த வாரம் நமக்குக் கற்பித்தது.

திருக்குடும்பத்தைப் பாருங்கள். செசார் அகுஸ்துவின் கட்டளைக்கு உட்பட்டு, நாசரேத்து வீட்டை விட்டுப் போன இடத்தில்தான் தேவமாதா பிள்ளை பெற்றார்கள். பெத்லெகேம் சூசையப்பரின் பூர்வீக ஊர். ஆயினும் அங்கே அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. பிறகு எஜிப்துக்கு ஓடிப்போனார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: போன இடமெல்லாம் மூவரும் சேர்ந்தே போனார்கள், ஆபத்து நீங்கியதும் திரும்பினார்கள். அர்ச். சவேரியாரும் 1542-ஆம் வருஷத்துக் கிறிஸ்துமஸை நம் முத்துக்குளித்துறைக் கரையிலே கழித்தவர். நமக்குச் சொந்த ஊர், அவருக்குப் பரதேசம். தமிழ்ச் செபங்களைத் தட்டுத் தடுமாறிக் கற்று, மணியடித்துக் குழந்தைகளைக் கூட்டிக் கற்பித்தார். அதைக் குறைந்த கிறிஸ்துமஸ் என்று சொல்ல நம்மில் யாருக்கு வாய் வரும்?

ஆகையால், வெளிநாட்டில் பிள்ளைகளை வைத்திருக்கும் குடும்பத்தாருக்குச் சில புத்திகள். மாலத்தீவில் கடிகாரம் நமக்கு அரை மணி பின்னே. இங்கே நடுச்சாமப் பூசைக்கு மணி அடிக்கும்போது அங்கே இரவு 11:30. அந்த நேரத்தில் தன் அறையில் செபமாலை எடுக்கும்படி அவளுக்குச் சொல்லியனுப்புங்கள். நீங்களும் அவள் பெயரைச் சொல்லிப் பூசை காணுங்கள். மறுநாள் தொலைபேசியில் பேசும்போது இலையில் பரிமாறிய கறியைக் காட்டி அவள் மனதைப் புண்படுத்தாமல், குழந்தையை முன்னே நிறுத்தி, தாயும் பிள்ளையுமாக ஓர் அருள் நிறை மந்திரம் சொல்லச் செய்யுங்கள். பணம் அனுப்பச் சொல்லுமுன் வீட்டார் எல்லாரும் உட்கார்ந்து, எந்தச் செலவை விட்டால் அவள் எத்தனை மாதம் முந்தித் திரும்பலாம் என்று ஒரு தாளில் கணக்கு எழுதுங்கள். அந்தத் தாளைக் குடிலில் பாலனுடைய பாதத்தில் வைப்பீர்களானால், அதைவிட மேலான காணிக்கை இந்த வருஷம் நம் கோவிலில் விழப்போவதில்லை.

தூரத்தில் இருப்போரையும் வீட்டில் இருப்போரையும் பாலன் சேசு ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குக் குரு